சத்தம் நின்றால் கயிறு எடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்தைந்து வருடமாக எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திப் பேசியவனுக்குக் குழைந்து பேச வராது. கலியாணம்கூட அதனால்தான் சரிவரவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர் மோட்டரைப் பிழையாகப் பூட்டியிருக்கிறீர்கள் என்று பெண்ணின் தகப்பனோடு சண்டை பிடித்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பி வந்தவன் நான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு றெனால்ட் அண்ணை கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் பட்டறை வாசலில் நின்றேன்.

"தீபன், உந்த எஞ்சின்ர சத்தத்தை இல்லாமல் செய்யேலுமே?" என்றார்.

றெனால்ட் அண்ணை இருபத்தாறு வருடம் பிரான்சில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். நீர்கொழும்பில் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கிக் கொண்டுவந்து, கரையோரம் புதிதாகக் கட்டிய ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரரைப் பின்னேரங்களில் ஏற்றிக்கொண்டுபோய் மணல் திட்டும் பறவையும் காட்டுகிறார். பாய் இருந்தாலும் காற்று விழுந்தால் எஞ்சின் வேண்டும். இறங்குதுறைக்குள் படகைத் திருப்பி எடுக்கவும் எஞ்சின் வேண்டும். படகோடு வந்த எஞ்சின் உப்பேறிச் செத்துப்போக, போன வருடம் நான்தான் வேறொன்றைப் பூட்டிக் கொடுத்தேன். அது என் தம்பி ரொபின்சனின் எஞ்சின்.

"சனம் பாய்ப்படகிலை ஏறுறதே சத்தமில்லாமல் போகத்தானடா. நீ எனக்கு அரிசி மில்லையெல்லோ பூட்டித் தந்திருக்கிறாய். ஒரு கொக்கு கிட்ட நிக்குதில்லை" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "கோவிக்காதை. உன்ர தம்பியின்ர எஞ்சின் எண்டு எனக்குத் தெரியும்தானே. ஏலாதெண்டால் விடு."

"ஏலும்" என்றேன். "நாளைக்கு வந்து அளவெடுக்கிறன்."

அவருடைய கொக்குகளுக்காக நான் ஓம் சொல்லவில்லை. ஏன் சொன்னேன் என்பதற்கு எங்கள் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் கரையில் பெண்கள் மணிக்கூட்டைப் பார்த்து உலையில் அரிசி போடுவதில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், காது கடலில் இருக்கும். தன் வீட்டு வள்ளத்தின் எஞ்சின் சத்தம் கேட்டதும் அரிசியைப் போடுவார்கள். வள்ளம் வந்து, வலையிலிருந்து மீனைத் தட்டி எடுத்து, ஆள் குளித்துவிட்டு வரச் சோறு சரியாக இருக்கும். நாற்பது வள்ளம் ஒன்றாக வந்தாலும் எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். ரொபின்சனின் எஞ்சினை அறிய அந்தக் கெட்டித்தனம்கூடத் தேவையில்லை. அதில் வால்வை அமத்துகிற கை தேய்ந்துபோனபோது புதுச்சாமான் கிடைக்காமல் நானே இரும்பில் அராவிப் போட்டேன். அன்றிலிருந்து டுக் டுக் டுக் என்று ஓடுகிற எஞ்சின் இடையில் ஒரு டக் போட்டது. கழற்றித் திருத்தித் தருகிறேன் என்றால் அவன் விடவில்லை. "இருக்கட்டும் அண்ணை, அம்மாவுக்கு அடையாளம்" என்று சிரித்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வந்துகொண்டிருக்கிற சத்தம் நடுவில் நின்றால், அதைக் கேட்டவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போகவேண்டும். யாருடைய வள்ளம், அவனோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்று பார்க்கக்கூடாது. எங்கள் அம்மா புஸ்பம் இதை ஜெபம் மாதிரிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் இந்தியாவுக்கு ஓடியபோது நடுக்கடலில் வள்ளத்தின் எஞ்சின் நின்றது. அம்மாவின் மடியில் பத்து மாதக் குழந்தையாக ரொபின்சன். பக்கத்தில் பத்து வயதில் நான். சத்தம் நின்றதைக் கேட்டு முகம் தெரியாத ஒரு பேசாலை ஊர்க்காரர் தன் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்து எங்களைக் கட்டி இழுத்துப்போனார். "சத்தம் நிண்டா கயிறு எடு. ஆற்றை எண்டு பாராதை" என்று மண்டபம் அகதி முகாமில் இருந்த இருபது வருடமும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே திரும்பி வந்த பிறகும் சொன்னார்.

ரொபின்சன் போய் வருகிற வைகாசியோடு மூன்று வருடம். நாட்டில் எண்ணெய் இல்லாமல் சனம் வரிசையில் படுத்துக் கிடந்த காலம் அது. ஒரு நாள் இரவு அவன் தனியாகக் கடலுக்குப் போனான். எஞ்சின் நின்றது. நாங்கள் நினைத்ததற்கு முந்தியே தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று கிளம்பிவிட்டது. வள்ளம் மணல் திட்டில் ஏறிக் கிடந்தது, எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, அவன் இல்லை. நேவியும் தேடினார்கள், ஊரும் தேடியது. உடல் கிடைக்கவில்லை. வள்ளத்தை ஒருவரும் தொடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அவனுடைய மனைவி ஜெஸ்லியா, உப்புக்காற்றில் எஞ்சினாவது வீணாகாமல் யாருக்காவது போகட்டும் என்று சொன்னாள். அம்மாவுக்குச் சொல்லாமல் நான் அதை றெனால்ட் அண்ணையின் பாய்ப்படகில் பூட்டினேன்.

என் மடத்தனத்தை என்னவென்று சொல்வது! பாய்ப்படகு தினமும் பின்னேரம் ஐந்தரை மணிக்கு எங்கள் கரைக்கு நேரேதான் திரும்பும் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் நாளே அம்மா அடுப்படியிலிருந்து எழும்பி வாசலுக்கு வந்தார். டுக் டுக் டுக், டக். உள்ளே போய் உலையில் ஒரு பிடி அரிசியைக் கூடுதலாகப் போட்டார்.

"அம்மா, அது றெனால்ட் அண்ணையின்ர படகு" என்றேன்.

"படகு ஆற்றையெண்டாலும் இருக்கட்டும். சத்தம் அவன்ர" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பிடி கூடுதல். ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு மூடி வைப்பார். காலையில் அது நாய்க்குப் போகும். ஆத்தும இளைப்பாற்றிப் பூசைக்கு ஜெஸ்லியா இரண்டு முறை கேட்டாள். "உயிரோடை இருக்கிறவனுக்கு என்னண்டு ஆத்தும பூசை ஒப்புக்குடுக்கிறது?" என்று அம்மா இரண்டு முறையும் எழும்பிப் போய்விட்டார். பூசை இல்லை, கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை இல்லை. ஊரும் சும்மா இருக்கவில்லை, புஸ்பத்துக்கு மூளை தட்டிவிட்டது என்று பேசிக்கொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா?

தவக்காலம் தொடங்கிய கிழமை ஜெஸ்லியா பட்டறைக்கு வந்தாள். அவள் அங்கே வருவதில்லை. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கண் சிவந்து நின்றாள்.

"பெரியத்தான், மாமியின்ர கோப்பையை நான் முப்பது வருசமெண்டாலும் கழுவுவன். ஆனா இப்ப தர்ஷிகாவும் அவவோடை கரைக்கு ஓடுறாள். அந்தச் சத்தம் கேட்டவுடனை 'அப்பா' எண்டுறாள். பிள்ளைக்கு அந்த மனுசன்ர முகம் ஞாபகமில்லை. படத்தைக் காட்டினா ஆரோ எண்டு பாக்கிறாள். சத்தத்தைத்தான் அப்பா எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். என்னாலை ஏலாது பெரியத்தான். எப்பிடியாவது அந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ."

தர்ஷிகாவுக்கு ஐந்து வயது. அப்பா போகும்போது இரண்டு.  எஞ்சினைத் திருப்பி எடுக்கிறேன் என்றேன். றெனால்ட் அண்ணையிடம் வேறு எஞ்சின் இல்லை, அவருக்கும் பிழைப்பு அதுதான், என்ன சாட்டுச் சொல்லிக் கேட்பது என்று இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவராகவே வந்து சத்தத்தை இல்லாமல் செய்யேலுமா என்று கேட்டார். தேடிய மூலிகை காலில் பட்டது என்று நினைத்தேன்.

ஆனால் அது முழுவதும் உண்மை இல்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை நான் பாதரிடம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூடச் சொன்னதில்லை. ரொபின்சன் போன விடியற்காலையில் அந்த எஞ்சின் நின்றதை நான் கேட்டேன்.

முதல் நாள் பின்னேரம் எங்களுக்குள் சண்டை. பட்டறையில் எஞ்சின் ஓட்டிப் பார்க்கவென்று ஐந்து லீற்றர் டீசல் ஒளித்து வைத்திருந்தேன். அவன் மோப்பம் பிடித்து வந்து கேட்டான். முந்தி வாங்கிய டீசலைத் திருப்பித் தராத உனக்கு ஒரு சொட்டும் இல்லை என்று கத்தினேன். "பிள்ளைக்குப் பால்மா முடிஞ்சுது அண்ணை. இருக்கிறதோடை போறன். கடலிலை நிண்டா நீ வந்து இழுப்பாய்தானே" என்று அப்போதும் சிரித்தான் அந்த விசரன். "நிண்டு பார். கை அசைக்கமாட்டன்" என்றேன். இதுதான் நான் அவனோடு பேசிய கடைசிப் பேச்சு.

விடிய ஐந்து மணி இருக்கும். எண்ணெய் இல்லாத நாட்களில் கடலில் வேறு வள்ளம் இல்லை. படுத்திருந்தபடி அந்த ஒற்றைச் சத்தத்தைக் கேட்டேன். கரைக்கு வந்துகொண்டிருந்தது. டுக் டுக் டுக், டக். பிறகு இருமி, இழுத்து, நின்றது. டீசல் முடிந்துவிட்டது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எழும்பியிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் கிடந்து பார்க்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு மணித்தியாலம் கழித்துக் கயிற்றோடு போனேன். அதற்குள் காற்று வந்துவிட்டது.

ஆகவே ஐந்தரை மணிச் சத்தம் அம்மாவை மட்டும் எழுப்பவில்லை. அது கேட்கும்போதெல்லாம் என் கையில் இருக்கிற, நட்டுக் கழற்றுகிற சாவி நழுவும். ஜெஸ்லியாவுக்காக, பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டு நான் எனக்காகவும்தான் அந்தச் சத்தத்தைப் புதைக்கப் போனேன்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். அதில் பிழை சொல்ல ஒருவராலும் முடியாது. எஞ்சின் இருந்தது படகின் நடுவில், படிக்குக் கீழே, ஒரு மெல்லிய பலகைப் பெட்டிக்குள். அந்தப் பலகை மத்தளம் மாதிரி அதிர்ந்தது. சத்தத்தை அடக்குவதென்றால் பஞ்சை அடைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். றெனால்ட் அண்ணையும் அதில் ஒருவர், இரண்டு பழைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"உதைக் கொண்டுபோய் நாய்க்குப் போடுங்கோ" என்றேன். "எண்ணெய் குடிச்சு ஒரு நாளைக்குப் பத்தி எரியும். வெள்ளைக்காரரோடை சேர்ந்து நீங்களும் வேகவேண்டியதுதான்."

"அப்ப நீ சொல்லு ராசா, உன்ர வாய்க்கு நான் ஆள் இல்லை" என்று மெத்தையைத் திருப்பிக் கொண்டுபோனார்.

முதலில் எஞ்சினைத் தூக்கி, அதன் நான்கு காலுக்கும் கீழே தடித்த றப்பர் கட்டைகள் வைத்தேன். அதிர்வு மரத்துக்கு இறங்கினால் மேலே என்ன ஒட்டியும் பிரயோசனமில்லை, முழுப் படகுமே பாடும். புகைக்குழாயில் தண்ணீர் சேர்த்து விடுகிற சட்டி ஒன்று பூட்டினேன். பெட்டியைக் கனத்த பலகையில் புதிதாகச் செய்து, உட்புறம் கனமான றப்பர் விரிப்பு, அதன்மேல் இரண்டு விரல் தடிப்பில் ஸ்பொஞ்ச், அதன்மேல் எண்ணெயும் நெருப்பும் ஏறாத வெள்ளித்தாள் என்று மூன்று படையாக ஒட்டினேன். அந்த ஸ்பொஞ்சை றெனால்ட் அண்ணையின் தங்கச்சி பிரான்சிலிருந்து அனுப்பியிருந்தாள். கனமானது சத்தத்தை மறிக்கும், மெதுவானது அதைக் குடிக்கும். இரண்டும் வேண்டும்.

பிறகு ஓட்டைகள். சத்தம் தண்ணீர் மாதிரி, ஊசி போகிற இடம் கிடைத்தால் போதும். வயர் போகிற துளை, குழாய் போகிற துளை, மூலைப் பொருத்து எல்லாவற்றையும் அடைத்தேன். எஞ்சினுக்கு மூச்சு வேண்டும் என்பதால் காற்றுக்கு மட்டும் ஒரு வழி விட்டேன். அதையும் நேராக விடாமல் இரண்டு முறை மடக்கி, உள்ளே ஸ்பொஞ்ச் ஒட்டினேன். காற்று வளைந்து வரும், சத்தத்துக்கு அவ்வளவு இலேசாக வளைய வராது. கடைசியில் மூடி. அதன் விளிம்பு சுற்றிவரப் பழைய பிறிஜ் கதவொன்றின் றப்பரைக் கழற்றி ஒட்டினேன். மூடினால் பிறிஜ் மூடுகிற மாதிரி உறிஞ்சிக்கொண்டு மூடும்.

ஒன்பது நாள் வேலை. அந்த ஒன்பது நாளும் படகு ஓடவில்லை, கரையில் சத்தம் இல்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து நிற்பார், பிறகு உள்ளே போவார். கூடுதல் பிடி அரிசியும் போடவில்லை. ஜெஸ்லியா அதைக் கவனித்து வந்து எனக்குச் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. இப்படியே பழகிவிடுவார், பாஸ்குத் திருநாள் முடிந்ததும் பூசைக்குக் கேட்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

பத்தாம் நாள் பின்னேரம் ஓட்டிப் பார்த்தோம். நானும் றெனால்ட் அண்ணையும் மட்டும். காற்று விழுந்து, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துத்தான் எஞ்சினை ஓடவிட்டேன். புது றப்பர் கட்டையில் அது எப்படி நிற்கிறது, எங்கேயாவது தண்ணீர் ஒழுகுகிறதா என்று கண்ணால் பார்த்தாலொழிய எனக்கு நிம்மதி வராது. டுக் டுக் டுக், டக். ஒன்பது நாள் ஓய்ந்திருந்த எஞ்சின் நன்றாகவே கத்தியது. அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தோம். எல்லாம் சரி என்று நிமிர்ந்தபோது எங்கள் ஊர்க் கோயில் நேரே தெரிந்தது. கரைக்கும் எங்களுக்கும் இடையில் அரை மைல்கூட இல்லை.

"இப்ப கேளுங்கோ அண்ணை" என்று சொல்லி மூடியை இறக்கினேன்.

சத்தம் அறுந்துபோனது. அடித்தட்டில் ஒரு சின்ன நடுக்கம் மட்டும் காலில் தெரிந்தது. படகின் பக்கத்தில் தண்ணீர் உரசுவது கேட்டது. கோயில் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் போவதுகூடக் கேட்டது. றெனால்ட் அண்ணை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"அட கடவுளே! எஞ்சின் ஓடுதே?"

"கையை வைச்சுப் பாருங்கோ."

அவர் மூடிமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கி அறைந்தார். "நீ பிரான்சிலை இருந்திருக்கவேணுமடா!" நானும் சிரித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கரையிலேயே பிறந்து, இந்தக் கரையின் வழக்கத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவன், கரைக்கு நேரே வைத்து ஓடுகிற சத்தத்தை நடுவில் வெட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஹோட்டல் இறங்குதுறையில் இறங்கி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மீன் காயப்போட்டிருந்த பரண்களுக்குப் பக்கத்தில் தர்ஷிகா தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"பெரியப்பா, அப்பம்மா கடலுக்கை போயிட்டா!"

மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியாது, ஓடினேன். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். தோளில் சுருட்டிய கயிறு. என் வள்ளத்தில் எப்போதும் கிடக்கிற கட்டியிழுக்கும் கயிறு அது. நனைந்த சேலை கால்களைச் சுற்றிக்கொள்ள, அறுபத்தெட்டு வயது மனுசி மேற்கே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"அம்மா! விசரே உங்களுக்கு? வெளியிலை வாங்கோ!" என்று கத்தினேன். எனக்கு வேறு எப்படிப் பேச வரும்?

"எங்கையடா போனனீ?" என்றார் திரும்பாமல். "சத்தம் நிண்டுபோச்சு. வந்துகொண்டிருந்தது, நேரை அதிலை வைச்சு நிண்டுபோச்சு."

"அம்மா, அது நிக்கேல்லை. நான்தான் மூடினனான். சத்தம் வெளியிலை வராமல் பெட்டி செய்து பூட்டியிருக்கிறன். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது றெனால்ட் அண்ணையின்ர படகம்மா, ரொபின்ர வள்ளம் இல்லை."

"எனக்குத் தெரியுமடா. எனக்கென்ன தட்டிட்டுதே? எஞ்சினை நீ கழட்டிக் குடுத்த நாளே எனக்குத் தெரியும்." இப்போது திரும்பினார். "சத்தம் நிண்டா என்ன செய்யவேணும்?"

"முதலிலை வெளியிலை வாங்கோ அம்மா" என்றேன்.

"என்ன செய்யவேணும் எண்டு கேட்டனான்."

"கயிறு எடுத்துக்கொண்டு போகவேணும்."

"அண்டைக்கும் இப்பிடித்தான் நிண்டது" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. "நானும் கேட்டனான். கேட்டவுடனை எழும்பி உன்ர வாசலுக்கு வந்தனான். கதவு நீக்கலாய்க் கிடந்தது. நீ கண்ணைத் திறந்துகொண்டு படுத்துக் கிடந்தனீ. பிறகு மற்றப் பக்கம் திரும்பினனீ."

கடல் என் முழங்காலில் வந்து அடித்தது. 

"ஏனம்மா என்னை எழுப்பேல்லை?"

"நித்திரை கொள்ளுறவனை எழுப்பலாம். நித்திரை மாதிரிக் கிடக்கிறவனை எப்பிடியடா எழுப்புறது? இப்ப போவான், இப்ப போவான் எண்டு வாசலிலை நிண்டனான். நீ என்ர பிள்ளை, போவாய் எண்டு நினைச்சனான். அதுக்குள்ளை காத்து வந்திட்டுது." அம்மா தோளில் சரிந்த கயிற்றை மேலே ஏற்றிக்கொண்டார். "நான் ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். அதை நான் கடவுளிட்டைச் சொல்லிக்கொள்ளுறன். அது என்ர பங்கு."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் அவன் வருவான் எண்டு சோறு போட்டு வைச்சனீங்கள்?"

"அவன் வருவான் எண்டு நான் சொல்லுற வரைக்கும் நீ ஒருத்தரையும் சாகவிடேல்லை, ஜெகதீபன்."

அம்மா என் முழுப் பெயரைச் சொல்வதே இல்லை. ஊர் அவரைப் பைத்தியம் என்றது, மருமகள் கோப்பை கழுவிக் கழுவி அழுதாள், பேத்தி ஒரு எஞ்சினை அப்பா என்றாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இந்த மனுசி எனக்காகத்தான் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பிடி அரிசியைக் கூடப் போட்டிருக்கிறார். ஐயோ என்று நான் தண்ணீரிலேயே இருந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அம்மா என் தலையைத் தடவவில்லை. கிட்ட வந்து, தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"அழுதுகொண்டிருக்காதை. சத்தம் நிண்டு ஒரு மணித்தியாலம் ஆகுது. இண்டைக்காவது போடா."

போனேன். என் சின்ன வள்ளத்தைத் தள்ளி இறக்கி, எஞ்சினைத் தொடாமல் துடுப்புப் போட்டுக்கொண்டே போனேன். நான் மூடியை இறக்கிய இடம் எது, மூன்று வருடத்துக்கு முதல் அவனுடைய எஞ்சின் நின்ற இடம் எது என்று சரியாக எனக்குத் தெரியாது. கோயிலை நேரே வைத்துக் கணக்குப் பார்த்து நிறுத்தினேன். அங்கே ஒன்றும் இல்லை. "ரொபின்!" என்று கூப்பிட்டேன். கூப்பிடவேண்டும் போல் இருந்தது, கூப்பிட்டேன். கயிற்றின் ஒரு நுனியை வள்ளத்தில் கட்டி மற்ற நுனியைத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரம் அது மிதந்தது, பிறகு தாழ்ந்தது. அதை இழுத்துக்கொண்டே கரைக்கு வந்தேன். வெறும் கயிறு கனமாகத்தான் இருந்தது.

அம்மா அதே இடத்தில் நின்றார். ஈரக் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, முழங்கையில் சுற்றிச் சுற்றி ஒழுங்காகச் சுருட்டினார். பிறகு கடலைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் பாதரிட்டைப் போ" என்றார். "ஆத்தும பூசைக்கு எழுதிக்குடு. ரொபின்சன் எண்டு சொன்னால் காணாது, தேப்பன்ர பேரையும் சேத்து எழுதச் சொல்லு."

"ஓமம்மா."

"அதுக்கு முதல் அவளிட்டைச் சொல்லு. நான் சொல்லமாட்டன். அது உன்ர பங்கு."

வீட்டுக்கு வந்தபோது ஜெஸ்லியா அடுப்படியில் நின்றாள். பக்கத்து ஊருக்குப் போனவள் அப்போதுதான் திரும்பியிருந்தாள், நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் கழுவி வைத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு என்று யோசிக்கிறவள் மாதிரி அரிசி அளக்கிற சுண்டைக் கையில் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நான் நனைந்து நிற்பதைக்கூட அவள் முதலில் கவனிக்கவில்லை.

"பெரியத்தான், றெனால்ட் அண்ணையை வழியிலை கண்டனான். ஒரு சத்தமும் இல்லையாம், சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுறார். உங்களுக்குப் பெரிய புண்ணியம் கிடைக்கும். நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

தர்ஷிகா வந்து தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பின்னால் முற்றத்தில் அம்மா கயிற்றைக் கொடியில் உலரப் போடுவது கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தாமல் மெதுவாகப் பேசினேன்.

"ஜெஸ்லியா" என்றேன். "ரொபின் போன அண்டைக்கு, விடியக் காலமை, அவன்ர எஞ்சின் நிண்டது எனக்குக் கேட்டது. நான் முழிச்சுத்தான் கிடந்தனான்."

அவள் அரிசியைப் போடவில்லை. சுண்டைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.